விதைக்காமல் விளையும் சரக்கு: பாலைவனத்து 'கம்ஆ' வியாபாரம்

குவைத்திலோ சவூதியிலோ சாரதியாகவோ சமையற்காரராகவோ சில வருடங்கள் இருந்துவிட்டு வந்த எம்மூர்ச் சகோதரர் ஒருவரிடம் 'ஃபகா' தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முகம் மலரும். பெப்ரவரி பிறந்தவுடன் வீட்டுக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு பாலைவனத்துக்குப் புறப்பட்டதும், மாலையில் மண் அப்பிய மூட்டையோடு திரும்பி வந்ததும், அதைக் கழுவிக் கழுவித் தன் கை ஓய்ந்ததும் அவருக்கு நினைவுக்கு வரும்.

பார்வைக்கு அது உருளைக்கிழங்கு போலிருக்கும். ஆனால் கிழங்கல்ல. மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைப் பூஞ்சணம். வளைகுடாவில் 'ஃபகா', ஈராக்கில் 'சிமா', மொரோக்கோ, அல்ஜீரியா பக்கம் 'தர்ஃபாஸ்' என்று ஊருக்கொரு பெயர். நூல் வழக்கிலுள்ள அரபுப் பெயர் 'கம்ஆ'. குளிர் விலகி வெயில் ஏறுவதற்கிடையில் அரபு நாடுகளில் வந்துபோகும் குறுகிய வசந்த காலத்தின் உணவு இது. யாரும் விதைப்பதில்லை, நீர் பாய்ச்சுவதில்லை. இருந்தும் இதைச் சுற்றி ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. சில வாரங்களே நீடிக்கும் அந்த வியாபாரத்தில் எமது வர்த்தகர்கள் கவனிக்க வேண்டிய விடயங்கள் பல உள்ளன.

ஹதீஸில் வரும் கம்ஆ

கம்ஆ 'மன்னு' வகையைச் சேர்ந்தது என்றும், அதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரி, ஸஹீஹ் முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் இது பெரும்பாலும் 'காளான்' என்றே வருகிறது. அதனால் எம்மில் பலர் மழைக்குப் பின் தோட்டத்தில் குடை விரிக்கும் காளானையே நினைத்துக் கொள்கிறோம். அரபியில் அந்தக் காளானுக்கு 'ஃபுத்ர்' என்று வேறு சொல் இருக்கிறது. கம்ஆவுக்குக் குடையும் இல்லை, தண்டும் இல்லை. அது மண்ணுக்கு மேலே எழுந்து நிற்பதும் இல்லை.

திர்மிதியில் வரும் அறிவிப்பொன்று வியாபாரிகளின் கவனத்துக்குரியது. தோழர்களில் சிலர் கம்ஆவை 'பூமியின் அம்மை நோய்' என்று குறிப்பிட்டார்கள். மண்ணின் தோலில் கொப்புளம் போலப் புடைத்துக் கொண்டு வருவதால் அந்தப் பெயர். அதற்குப் பதிலாகத்தான் நபியவர்கள் அது 'மன்னு' வகையைச் சேர்ந்தது என்றார்கள். மூஸா (அலை) அவர்களின் சமூகத்தாருக்கு மன்னும் ஸல்வாவும் அருளப்பட்டதை அல்குர்ஆன் கூறுகிறது. உழவும் விதைப்பும் இன்றி அல்லாஹ்வின் அருளாகக் கிடைப்பதாலேயே கம்ஆவும் மன்னோடு சேர்த்துச் சொல்லப்பட்டது என்று இப்னுல் கையிம் (ரஹ்) போன்ற அறிஞர்கள் விளக்கியுள்ளனர். மக்கள் நோயின் பெயரால் அழைத்த ஒரு பொருளின் மதிப்பு அங்கே எடுத்துக் காட்டப்பட்டது.

கண் மருந்து பற்றி ஒரு வார்த்தை. ஹதீஸைக் காரணம் காட்டி, என்ன ஏதென்று தெரியாத திரவத்தைப் போத்தலில் அடைத்து விற்பவரிடம் வாங்கிக் கண்ணில் விட வேண்டாம். கண் வைத்தியரிடம் கேட்காமல் எதையும் கண்ணில் விடுவது ஆபத்தானது.

இடி முழங்கினால் கணக்குத் தொடங்கும்

குவைத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 110 மில்லிமீற்றர் அளவுதான். கொழும்பில் 2,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அந்தச் சொற்ப மழையும் எப்போது பெய்கிறது என்பதிலேயே கம்ஆவின் தலைவிதி தங்கியிருக்கிறது. ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் ஆரம்பம் வரையிலான காலத்தை அரபுகள் 'வஸ்ம்' என்பார்கள். வஸ்மில் நல்ல மழை பெய்து, அதன் பின்னரும் இடைக்கிடை தூறினால் இரண்டு மூன்று மாதங்களில் கம்ஆ விளையும். வஸ்ம் பொய்த்தால் பின்னர் எவ்வளவு பெய்தாலும் அந்த வருடம் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

இடி இடித்தால்தான் கம்ஆ வரும் என்பது பதவிகளின் பழைய நம்பிக்கை. 'இடியின் மகள்' என்றும் அதற்கொரு பெயருண்டு. உண்மையில் அதன் வாழ்வு இடியை விட ஒரு சிறு செடியிலேயே தங்கியுள்ளது. அரபுகள் 'ரக்ரூக்' என்று அழைக்கும் அந்தச் செடியின் வேரோடு பூஞ்சணம் ஒட்டி வாழ்கிறது. பூஞ்சணம் மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் எடுத்துச் செடிக்குக் கொடுக்க, செடி தான் தயாரிக்கும் உணவில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கிறது. ஒன்றில்லாமல் மற்றது செழிப்பதில்லை. கால்நடைகளை அளவுக்கு மீறி மேயவிட்ட இடங்களிலும், வாகனங்கள் ஓடி ஓடி இறுகிப்போன இடங்களிலும் செடி அழிகிறது. செடி போன பின் மழை பெய்தும் பயனில்லை.

அனுபவசாலிகள் முதலில் இந்தச் செடியைத்தான் தேடுவார்கள். பின்னர் அதைச் சுற்றியுள்ள மண்ணில் இலேசான புடைப்போ வெடிப்போ தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு நல்ல நேரம் காலையும் மாலையும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது சிறு புடைப்புக்கும் நிழல் நீண்டு விழும். உச்சி வெயிலில் அதே இடத்தில் நடந்து போனாலும் ஒன்றும் தெரியாது. அடையாளம் கண்டதும் சிறு கோலால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, காயப்படாமல் வெளியே எடுக்க வேண்டும். வெட்டுப்பட்டது விரைவில் கெட்டுவிடும். கெடும் சரக்குக்கு விலை இல்லை.

ஐரோப்பாவில் 'ட்ரஃபிள்' என்ற பெயரில் விற்கப்படும் பொருள் இதன் தூரத்து உறவு. அது ஓக் போன்ற மரங்களின் அடியில் விளைவது. கடும் வாசனையுடையது. நாயை விட்டு மோப்பம் பிடித்துத் தேடுவார்கள். இத்தாலியின் வெள்ளை ட்ரஃபிள் கிலோவொன்று ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகும். பாலைவனத்துக் கம்ஆவுக்கு அந்த வாசனையும் இல்லை, அந்த விலையும் இல்லை. ஆனால் ஐரோப்பிய ட்ரஃபிளைச் சோற்றின் மேல் சீவித் தூவுவார்கள். கம்ஆவை வயிறாரச் சாப்பிடுவார்கள்.

வசந்தமும் வீட்டுச் சமையலும்

வளைகுடா நாடுகளில் இது வெறும் உணவல்ல. நல்ல மழை பெய்த வருடத்தில் பாலைவனம் சில வாரங்களுக்குப் பசுமை காட்டும். குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்குவார்கள். பெரியவர்கள் சிறுவர்களுக்கு எங்கே பார்ப்பது, எப்படிக் கிளறுவது என்று காட்டிக் கொடுப்பார்கள். மாடி வீட்டில் வளரும் பிள்ளை தன் பாட்டனார் வாழ்ந்த நிலத்தை அறிந்து கொள்வது அந்த நாட்களில்தான். கிடைத்ததை அயலவருக்கும் உறவினருக்கும் பங்கிடுவதும் வழக்கம்.

சமையல் எளிது. பலமுறை கழுவித் தோல் நீக்கி, உப்புப் போட்டு அவித்து, நெய்யில் வதக்குவார்கள். இறைச்சியோடு சேர்த்துச் சோற்றுடன் பரிமாறுவதும் உண்டு. பழைய பதவிகள் தணலில் சுட்டுத் தின்றார்கள். ஒரு மணல் துணிக்கை மீந்திருந்தாலும் பல்லில் கடிபடும். வீட்டில் இதன் கஷ்டமே கழுவுவதுதான்.

சந்தையில் நடப்பது

தேடிப்போக முடியாதவர்கள் வாங்குகிறார்கள். குவைத்தில் பருவ காலத்தில் இதற்கென்றே தனிச் சந்தை கூடுகிறது. உள்நாட்டில் கிடைப்பது சொற்பம். ஈராக், ஈரான், சவூதி அரேபியா ஆகிய அயல் நாடுகளிலிருந்தும் அல்ஜீரியா, தூனிசியா, லிபியா, மொரோக்கோ ஆகிய வட ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் சரக்கு வந்து சேர்கிறது. ஒரு நாட்டில் மழை பொய்த்தாலும் இன்னொரு நாட்டில் பெய்திருக்கும். எங்கே வஸ்ம் நன்றாகப் பெய்தது என்பதை ஒக்டோபரிலிருந்தே விசாரித்து வைப்பவரே பெப்ரவரியில் சரக்கோடு நிற்பார்.

தரம் பிரிப்பதுதான் இந்த வியாபாரத்தின் உயிர். வெள்ளை நிறமும் பருமனும் உள்ளது 'ஸுபைதி'. அதற்கே மதிப்பு அதிகம். செம்மையோ கபிலமோ கலந்த சிறிய வகை 'கலாஸ்'. சுவைக்கு இதுவே மேல் என்று வாதாடும் வாடிக்கையாளர்களும் உண்டு. பருவத்தின் ஆரம்பத்தில் வரும் சிறிய 'ஹோபர்' கீழ்த்தரமாகக் கணிக்கப்படும். ஒவ்வொரு தரத்திலும் பருமனுக்கேற்ப மீண்டும் பிரிப்பார்கள். வாங்குபவர் கையிலெடுத்து அழுத்திப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் புதியது. மெத்தென்றிருந்தால் பழையது. புழு துளைத்திருக்கிறதா என்றும் திருப்பிப் பார்ப்பார்.

விலை நிலையாக நிற்பதில்லை. முதல் சரக்கு வரும்போது உச்சத்தில் இருக்கும். பல திசைகளிலிருந்தும் வந்து குவியும்போது இறங்கும். பருவம் முடியும் தறுவாயில் மீண்டும் ஏறும். ரமழான் பிறை நோக்கிய கணக்கில் பின்னோக்கி நகர்வதால் 2023 இலிருந்து சில வருடங்களாக மார்ச்சிலும் பெப்ரவரியிலும் ஆரம்பித்து, கம்ஆ பருவத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது. இப்தார் மேசைக்கென்று கேள்வி கூடும் காலம் அது.

கம்ஆவின் எடையில் பெரும்பங்கு நீர். மூட்டைக்குள் இருக்கும்போதே எடை குறைந்துகொண்டு போகும். காற்றில்லாமல் அடைத்தால் வியர்த்து அழுகும். குளிரூட்டியில் வைத்தாலும் நீண்ட நாட்கள் தாங்காது. ஆகவே விற்காமல் மீந்ததைத் தோல் நீக்கி இலேசாக அவித்து உறைய வைத்தோ, சீவி உலர்த்தியோ பின்னர் விற்பவர்களும் இருக்கிறார்கள். இன்னும் விலை ஏறும் என்று பிடித்து வைப்பவரைச் சரக்கே தண்டித்துவிடும்.

தராசும் மார்க்கமும்

மண்ணோடு வரும் சரக்கென்பதால் மோசடிக்கும் இடமுண்டு. மண்ணையும் சேர்த்து நிறுத்தால் மண்ணும் கம்ஆ விலைக்குப் போகும். மேலே ஸுபைதியை அடுக்கிக் கீழே மெத்தென்றதை வைத்தால் மூட்டையைக் கொட்டும் வரை தெரியாது. தூரத்து நாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சரக்கென்று சொன்னால் கண்டுபிடிப்பது கடினம்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி கூறினார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்ல என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்தச் சம்பவம் நாம் அனைவரும் ஜும்ஆவில் கேட்டதுதான். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். பருவகாலச் சரக்கு எதற்கும் இது பொருந்தும்.

முன்கூட்டியே விலை பேசுவதிலும் கவனம் தேவை. மண்ணுக்கடியில் இருப்பதைத் தோண்டி எடுக்குமுன் விற்பதை, அதிலுள்ள நிச்சயமின்மை காரணமாக ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிப்பதில்லை. பணத்தை முன்பே கொடுத்துச் சரக்கைப் பின்னர் பெறும் 'ஸலம்' வியாபாரத்திலும், குறித்த தவணையில் அந்தப் பொருள் கிடைக்கக் கூடியதாக இருப்பது ஒரு நிபந்தனை. வானத்தை நம்பி இன்ன தேதிக்கு இத்தனை கிலோ தருவேன் என்று எழுதிக் கொடுப்பவர் மார்க்கத்திலும் சிக்குவார், வியாபாரத்திலும் சிக்குவார். இவ்வாறான ஒப்பந்தங்களுக்கு முன் உலமாக்களிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

மூட்டைக்குப் பின்னால் ஒரு உயிர்

கயிற்றை எடுத்துக்கொண்டு போய் விறகு சேர்த்து முதுகில் சுமந்து வந்து விற்பது, மனிதர்களிடம் கையேந்துவதை விடச் சிறந்தது என்று நபியவர்கள் கூறியிருப்பதைப் புகாரியில் காண்கிறோம். முதல் இல்லாதவனுக்கும் நிலத்திலிருந்து சேர்த்து விற்கும் வழி திறந்திருக்கிறது. கம்ஆ தேடும் ஏழைகள் அந்த வழியில் செல்பவர்களே. ஈராக்கின் ஸமாவா பாலைவனத்தில் குடும்பம் குடும்பமாகக் கூடாரமடித்து, ஒரு பருவத்து வருமானத்துக்காக வாரக்கணக்கில் தங்குகிறார்கள்.

ஆனால் அந்த நிலங்கள் பலவும் யுத்தம் கண்டவை. 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது முதல் 1991 பெப்ரவரியில் அது விடுவிக்கப்படும் வரை பாலைவனத்தில் கண்ணிவெடிகள் பெருந்தொகையாகப் புதைக்கப்பட்டன. பின்னர் அகற்றும் பணி நடந்தும் முற்றாகத் தீரவில்லை. சிரியாவின் நிலை இன்னும் மோசமானது. 2023 இல் அங்கு சராசரி மாதச் சம்பளம் ஏறத்தாழ 18 டொலராக இருந்தபோது, நல்ல தரமான கம்ஆ கிலோவொன்று 25 டொலர் வரை போனதாகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. ஒரு கிலோ கிடைத்தால் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். கண்ணிவெடி இருக்கிறது, ஆயுதக் குழு இருக்கிறது என்று தெரிந்தும் மக்கள் போனதற்கு இதுவே காரணம். அந்த வருடம் பெப்ரவரி 17ஆம் திகதி ஹும்ஸ் மாகாணத்தின் ஸுக்னா பகுதியில் கம்ஆ தேடச் சென்றவர்கள் மீது நடத்தப்பட்ட தாக்குதலில் 50 பேருக்கும் மேல் கொல்லப்பட்டனர். பூகம்பம் அந்த நாட்டை உலுக்கி இரண்டு வாரங்கள் கூட ஆகியிருக்கவில்லை.

தட்டில் வைத்துச் சாப்பிடுபவருக்கு இது தெரியாது. ஆனால் வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேர்ப்பவனின் கஷ்டத்தைச் சாட்டாக வைத்து அவனிடம் அடிமாட்டு விலை பேசுவது இலாபமல்ல, அநியாயம். மழை பெய்த இடம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த இடம் பாதுகாப்பானதா என்றும் கேட்பவரே பொறுப்புள்ள கொள்வனவாளர்.

ஸ்பெயினிலிருந்து ஒரு எச்சரிக்கை

விதைக்க முடியாத பொருள் என்பதுதான் கம்ஆவின் விலைக்குக் காரணம் என்று நினைத்திருந்தார்கள். ஸ்பெயினின் முர்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரக்ரூக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரில் பூஞ்சணத்தை ஒட்டவைத்து நாற்றாக்கி, 1999 இல் நட்டார்கள். 2001 இல் விளைச்சல் கண்டார்கள். வரட்சியில் நீர் பாய்ச்சி மழைக் குறையை ஓரளவு ஈடுசெய்யவும் முடிந்தது. பாலைவனத்துச் சரக்கின் இடத்தை இது இன்னும் பிடித்துவிடவில்லை. ஆயினும் 'இது எங்களிடம் மட்டுமே கிடைக்கும்' என்ற நிலை எந்த வியாபாரத்திலும் நிரந்தரமல்ல.

எமக்கு என்ன?

எமது நாட்டிலும் யாரும் நடாமல் கிடைக்கும் பருவகால உணவுகள் இல்லாமலில்லை. வருடத்தின் நடுப்பகுதியில் வரண்ட வலயத்தின் வீதியோரங்களில் பாலைப்பழமும் வீரைப்பழமும் விற்பனைக்கு வருகின்றன. கம்ஆவுக்குச் செடி எப்படியோ அப்படித்தான் இவற்றுக்கு மரம். பழத்துக்காகக் கிளையையே வெட்டி வீழ்த்துபவர் அடுத்த வருடத்துச் சரக்கையும் சேர்த்து வெட்டுகிறார். அப்படி வெட்டிய சரக்கை வாங்குபவருக்கும் அதில் பங்குண்டு. தேசிய வனங்களுக்குள் அனுமதியின்றிப் போய்ச் சேர்ப்பது சட்டவிரோதம் என்பதையும் மறக்கக் கூடாது.

பாலைப்பழமானாலும் ரம்புட்டானானாலும், கம்ஆ வியாபாரம் சொல்லித் தருவது ஒன்றுதான். சரக்கு வருவதும் வராததும் எம் கையில் இல்லை. முன்கூட்டியே விசாரித்து வைப்பது, நேர்மையாகத் தரம் பிரிப்பது, மண்ணை நீக்கி நிறுப்பது, கெடுமுன் விற்பது அல்லது பதப்படுத்துவது, சேர்த்துத் தந்தவனுக்கு உரியதைக் கொடுப்பது, விளைய வைக்கும் செடியையும் மரத்தையும் விட்டுவைப்பது ஆகியவை எம் கையில் இருக்கின்றன.

'மன்னு' என்று சொல்லப்பட்ட பொருளைக் கூடக் குனிந்து தேடி எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. எடுத்த பின் அதை ஹலாலாக விற்பதும் ஹராமாக்கிக் கொள்வதும் விற்பவரைப் பொறுத்தது. அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.